யார் முடி என்று சொல்லவில்லை

என் அப்பாயி எந்தப் பொருளையும் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு மட்டும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. பிஸ்கட் டின்னின் மூடி சுவரில் பூவாகும். அப்பா ஓட்டிய லோரியின் கிழிந்த தார்ப்பாய், காய் வாங்கப் பாசாருக்குக் கொண்டுபோகும் பையாகும். பால் டின்னின் அடியில் ஆணியால் நட்சத்திர வடிவில் துளை போட்டு, அதில் முறுக்கு பிழிவார். முறுக்கு நட்சத்திரமாக வராது. ஒரு மாதிரி நண்டாக வரும். அதையும் புது வகை முறுக்கு என்று சொல்லி மாடி முழுக்கக் கொடுத்துவிட்டு வருவார்.

அப்பாவின் அம்மாவைத்தான் நாங்கள் அப்பாயி என்று கூப்பிடுவோம். ஆயர் ஈத்தாமில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அம்மா தொழிற்சாலைக்குப் போய்விடுவார், அப்பா லோரியோடு போய்விடுவார். அண்ணனையும் என்னையும் வளர்த்தது அப்பாயிதான். அவருக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி இருந்தது. அறுபது வயதிலும் பாதிக்கு மேல் கறுப்பு. அதைச் சுருட்டிப் பெரிய கொண்டையாகப் போட்டு, அதில் தையல் ஊசி, பின்னல் ஊசி, பென்சில், சில நாள் ஒரு சின்னத் திருப்புளி என்று எல்லாவற்றையும் செருகி வைத்திருப்பார். பிறகு ஊசியைக் காணோம் என்று வீடெல்லாம் தேடுவார். நாங்கள் போய் அவர் தலையைத் தடவி எடுத்துக் கொடுப்போம்.

இப்படி ஓர் அம்மாவுக்குப் பிறந்த அத்தை, நேர் எதிராக இருந்தார். பட்டர்வொர்த்தில் குடியிருந்துகொண்டு மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிக் கப்பலில் கடலைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து, இங்கேயும் அதே வேலையைத்தான் பார்த்தார். சாம்பிராணி எந்தப் பக்கமிருந்து காட்ட வேண்டும், விளக்குத் திரியை எந்த விரலால் தூண்ட வேண்டும் என்று அவரிடம் எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது. ஆனால் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட வண்ணக் கம்பித் துண்டுகளை ஒரு பையில் போட்டு, மறக்காமல் அப்பாயிக்குக் கொண்டுவருவதும் அதே அத்தைதான்.

அந்தக் கம்பிகளெல்லாம் மயிலாகும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் அப்பாவும் மற்ற லோரிக்காரர்களும் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். பந்தலின் முகப்பில் வைக்க அப்பாயி ஒவ்வொரு வருடமும் ஒரு மயில் செய்வார். கெட்டுப்போன மேசைக் காற்றாடியின் வட்டக் கம்பிக் கூண்டுதான் தோகை. அதில் அத்தையின் நீலக் கம்பிகளையும் பச்சைக் கம்பிகளையும் பின்னி, மிட்டாய்க் காகிதத்தில் கண் கண்ணாக ஒட்டுவார். தண்ணீர் குடிக்க வருபவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மயிலையே பார்த்து நிற்பார்கள். “முருகனுக்கும் வருசா வருசம் அதே மயிலப் பாத்தா அலுத்துப் போவாதா?” என்பார் அப்பாயி.

நான் ஆறாம் வகுப்பு முடித்த வருடக் கடைசி விடுமுறையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கொசுவால் வரும் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மாலையில், டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அப்பா வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்பாயி அவர் முகத்தைப் பார்த்தார். என் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி, வாய்விட்டு வேண்டிக்கொண்டார்:

“முருகா, பிள்ளை பொழச்சு எந்திரிச்சா, வர்ற பூசத்துக்குத் தண்ணிமலைக்கு வந்து முடி எறக்குறேன்.”

எனக்கு இது எதுவும் தெரியாது. பக்கத்தில் நின்றிருந்த அத்தைக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரிந்திருந்தது.

நான் பிழைத்து எழுந்தேன். ஜனவரியில் பள்ளி திறந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. என்னோடு படித்த பிள்ளைகள் எல்லாரும் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். எனக்கு டவுனில் இருந்த பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்தது. எனக்கு மலாய் எழுத வரும். பேச நா எழாது. ஆங்கிலம் இரண்டுமே வராது. பொதுவாகவே எனக்கு ஆட்களிடம் பேச வராது, இன்றைக்கும் அப்படித்தான். முதல் நான்கு நாள், பெயர் கூப்பிட்டபோது கையைத் தூக்கியதைத் தவிர அந்தப் பள்ளியில் நான் எதுவும் செய்யவில்லை. ஓய்வு நேரத்தில் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்த படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுவிட்டு வருவேன்.

ஐந்தாம் நாள், என் பின் வரிசையில் இருந்த சீனப் பெண் என் சடையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். திரும்பினேன்.

“பாஞ்சாங் லா,” என்றாள். நீளம் என்று சொல்கிறாள்.

அவளுக்குக் காதோடு வெட்டிய முடி. பின்னிப் பார்க்கட்டுமா என்று கையால் சாடை காட்டினாள். அன்றைக்கு ஓய்வு நேரத்தில் அவளும் அந்தப் படிக்கட்டுக்கு வந்தாள். நான் கீழ்ப்படியில், அவள் மேல்படியில். என் சடையைப் பிரித்துப் பின்னினாள், பிரித்தாள், மறுபடியும் பின்னினாள். தினமும் வந்தாள். சில நாளில் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். நான் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பேசுவது எளிதாக இருந்தது. அப்படித்தான் நான் மலாய் பேச ஆரம்பித்தேன், முதுகைக் காட்டிக்கொண்டு.

அவள் முதன்முதலாக என் சடையை இழுத்த வாரக் கடைசியில்தான் அத்தை வந்து, அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, “பூசத்துக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. பிள்ளைக்கு மொட்ட போடணும், ஞாபகம் இருக்குல்ல?” என்றார்.

எனக்கு அப்போதுதான் தெரியும். அண்ணனுக்கும் அப்போதுதான் தெரியும். அவன் உடனே என் தலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “போத்தாக்,” என்றான். மலாயில் மொட்டைத்தலை. அன்றைக்கு மட்டும் ஐம்பது தடவை சொல்லியிருப்பான்.

அம்மா தயங்கித் தயங்கி மாமியாரிடம் கேட்டார். “அத்தை, வயசுக்கு வரப்போற பிள்ளை. இப்பதான் புது ஸ்கூலுக்குப் போவுது. பூமுடி குடுத்தா ஆவாதா? மூணு எடத்துல கொஞ்சமா கத்தரிச்சு...”

அப்பாயி வாயைத் திறப்பதற்குள் அத்தை குறுக்கே வந்துவிட்டார். “அண்ணி, அம்மா பூமுடின்னு வேண்டல. முடி எறக்குறேன்னு வேண்டுனாங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். வயசுக்கு வந்துட்டா அப்புறம் குடுக்கவும் முடியாது. சாமி நாம கேட்ட மாதிரி பிள்ளையத் திருப்பிக் குடுத்துட்டாரு. நாம சொன்னத நாம செய்யணும்ல?”

அப்பா எழுந்து கீழே போய் லோரியின் டயரைப் பார்த்தார்.

எனக்கு அழுது அடம்பிடிக்கத் தெரியாது. என் வழியில் முயற்சி செய்தேன். முருகனிடம் கேட்க முடியாது, இந்த விஷயத்தில் அவர் எதிர்க்கட்சி. அதனால் பள்ளிக்குப் போகும்போது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையாரிடம், தம்பிகிட்ட கொஞ்சம் சொல்லுங்க என்று வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் படிக்கட்டில் உட்காரும்போது, இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டுப் பார்ப்பேன். மேல்படியில் இருப்பவளிடம் சொல்லவில்லை. சொல்ல மலாயில் வார்த்தை இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும். ஒரு சாயங்காலம், குளிக்கும்போது அம்மா போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் தொப்பிக்குள் முடியை எல்லாம் திணித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். மொட்டை போட்டால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக. கூடத்தில் மயிலுக்குக் கழுத்து பின்னிக்கொண்டிருந்த அப்பாயி கண்ணாடிக்குள் வந்து நின்றார்.

“என்னாடி, குளிக்கப் போறியா?”

“இல்ல, சும்மா.”

அவர் என் பின்னால் வந்து தொப்பியைக் கழற்றினார். முடி தோளில் விழுந்தது. ஏன் என்று தெரியவில்லை, அவரிடம் அந்தச் சீனப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். படிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் எனக்கு ரொம்ப நாளாக இருந்த சந்தேகத்தையும் கேட்டேன்.

“அப்பாயி, முடி போயிட்டா அவ வந்து என்னாத்தப் பின்னுவா?”

அப்பாயி திரும்பிப் போய் மயிலின் முன்னால் உட்கார்ந்தார். ஆனால் கம்பியைக் கையில் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க மயில் கழுத்தோடு நின்றது. காற்றாடிக் கூண்டு சுவரில் சாய்ந்தே கிடந்தது. உடம்பு சரியில்லையா என்று அப்பா இரண்டு தடவை கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்ததும் அப்பாயி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் என்னா சொன்னேன்? அப்படியே சொல்லு.”

அத்தைக்குப் பெருமையாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அப்பாயியின் குரலிலேயே சொன்னார்.

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னார்.

“மெதுவா.”

“ஏம்மா, மறந்துபோச்சா ஒனக்கு?”

“எனக்கு மறக்கல. ஒனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னு பாத்தேன்,” என்றார் அப்பாயி. அன்று மாலை மயிலின் வேலையை ஆரம்பித்தார். நேரம் போதவில்லை. அந்த வருடம் மயிலுக்குப் பாதித் தோகைதான். அடைகாத்து எழுந்த மயில் என்று பந்தலுக்கு வந்தவர்களிடம் சொல்லிச் சமாளித்தார்.

தைப்பூசத்தன்று காலையில் எல்லாரும் தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போனோம். முடி இறக்கும் இடத்தில் நாவிதர்கள் வரிசையாக முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சீட்டு வாங்கி அப்பாயியிடம் கொடுத்தார். எனக்கு முன்னால் ஒரு கைக்குழந்தை கத்திக்கொண்டிருந்தது. அதன் முடி ஈரமாகத் தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா என் சடையைப் பிரிக்கத் தொடங்கினார்.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். “யாருக்கு?” என்று நாவிதர் கேட்டார்.

“எனக்கு,” என்று சொல்லிவிட்டு அப்பாயி முக்காலியில் உட்கார்ந்தார்.

கொண்டையிலிருந்து ஊசியை எடுத்தார். பின்னல் ஊசியை எடுத்தார். பென்சிலை எடுத்தார். ஒவ்வொன்றாக என் கையில் வைத்தார். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டார்.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “அம்மா, என்னா பண்ற நீ? பிள்ளைய உக்கார வையி.”

“முடி எறக்குறேன்.”

“பிள்ளைக்குத்தானே வேண்டுன?”

“பிள்ளைக்காக வேண்டுனேன். யாரு முடின்னு சொன்னேன்? நீதான் பக்கத்துல நின்ன. நீயே சொல்லு.”

அத்தையின் உதடு அசைந்தது. உள்ளுக்குள் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. கடைசி வார்த்தை வரைக்கும் போய் நின்றார்.

“அதுல பிள்ளை முடின்னு வருதா?”

“வரல. ஆனா அர்த்தம் அதானேம்மா.”

“அர்த்தத்த நான் சத்தமா சொல்லல.”

நாவிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அக்கா, கோர்ட்டு கேச அப்பறம் பேசிக்கலாம் லா. பின்னாடி ஆளு நிக்குது.”

அத்தையின் கண் கலங்கிவிட்டது. கோபம் என்றுதான் நான் நினைத்தேன். குனிந்து, மெதுவான குரலில் கேட்டார். “நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?”

“நான் சொல்லிக்கிறேன்,” என்றார் அப்பாயி. தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த முடி விழுந்து முடிக்க நேரமானது. அவ்வளவு முடி. சந்தனம் பூசி அவர் எழுந்து நின்றபோது எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. காது பெரிதாகத் தெரிந்தது. யாரோ ஒரு தாத்தா அப்பாயியின் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது. அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இப்போது “போத்தாக்” என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. அப்பாயி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “எப்படிடா இருக்கேன்?” என்று அப்பாவிடம் கேட்டார்.

“பழனியாண்டி கணக்கா இருக்கம்மா,” என்றார் அப்பா.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான். அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. பிரித்துவிட்ட முடியோடு மலைப் படிகளில் ஏறி ஓடினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் அவர்கள் எங்கேயோ கீழே வந்துகொண்டிருந்தார்கள். வழியில் ஒரு பந்தலில் ரோஸ் சிரப் கொடுத்தார்கள். மூன்று டம்ளர் குடித்தேன். ஊசியும் பென்சிலும் என் கையிலேயே இருந்தன.

திங்கட்கிழமை படிக்கட்டில் வழக்கம்போல என் முடி பின்னப்பட்டது. அந்தச் சீனப் பெண்ணோடு பள்ளி முடியும் ஐந்தாம் படிவம் வரை ஒன்றாகப் படித்தேன். இப்போதும் சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறாள். அப்பாயிதான் கொஞ்ச காலம் சிரமப்பட்டார். தைத்துக்கொண்டே இருக்கும்போது ஊசியைத் தலைக்குக் கொண்டுபோவார். வெறும் மண்டையில் குத்திக்கொண்டு, அடச்சீ என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு ஒரு பால் டின்னை வெட்டி, கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி ஊசிக்கூடு செய்துகொண்டார். முடி மறுபடியும் வளர்ந்தது, ஆனால் பழையபடி நீளவில்லை.

கதை இவ்வளவுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். போன வருடம் பூசம் முடிந்து, பந்தல் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தை மீதியைச் சொன்னார். அத்தைக்கு இப்போது அன்றைய அப்பாயியைவிட வயது அதிகம்.

நான் வளர்ந்த வருடங்களில் எனக்குச் சளி பிடித்தாலும் சரி, பஸ் தாமதமாகி வீடு வந்து சேரவில்லை என்றாலும் சரி, அப்பாயி அத்தைக்குப் போன் செய்வாராம். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. “அன்னைக்கு நான் சொன்னத ஒரு தடவ சொல்லு,” என்பாராம். அத்தை தொழிற்சாலையிலிருந்து வந்த களைப்போடு அந்த வாக்கியத்தைச் சொல்வார். “அதுல பிள்ளை முடின்னு இல்லைல?” என்று அப்பாயி கேட்பார். இல்லை என்று அத்தை சொன்ன பிறகுதான் போனை வைப்பார். எனக்கு நினைவிருக்கிறது, அவர் போன் பேசிவிட்டு வந்து என் நெற்றியில் விபூதி பூசுவார். நான் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் கண்ணில் விபூதி கொட்டுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நான் என் மகளை வயிற்றில் சுமந்திருந்தபோது அப்பாயி படுத்த படுக்கையாக இருந்தார். ஒரு நாள் மதியம் அத்தை போயிருந்தபோது, மறுபடியும் அதையே கேட்டாராம். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, ‘என் முடிய எறக்குறேன்’னுதான் நீ சொன்ன. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு,” என்று சொல்லிவிட்டார்.

“அப்படியா சொன்னேன்?”

“அப்படித்தாம்மா சொன்ன. நாந்தான் அன்னைக்குத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு மலையில சண்டை போட்டேன்.”

அப்பாயி “அப்ப சரி,” என்று சொல்லித் திரும்பிப் படுத்துத் தூங்கினாராம். அப்படி ஒரு தூக்கம் அவர் தூங்கிப் பார்த்ததில்லை என்றார் அத்தை. மாக் மண்டினில் இருபத்தைந்து வருடம் ஒரு கம்பியைக்கூட அளவு மாற்றி விடாதவர் அவர். சொல்லிவிட்டு, பானையின் அடியை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அப்பாயி ஐந்து மாதம் இருந்தார். என் மகளை மடியில் வைத்துப் பார்த்தார். அந்தப் பிள்ளைக்கு வந்த முதல் காய்ச்சலுக்கு அவர் யாருக்கும் போன் செய்யவில்லை.

அன்றைக்கு மலையுச்சியில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அத்தை பேசி முடித்த பிறகுதான் அது எனக்கு முழுதாக நினைவுக்கு வந்தது.

சந்நிதியில் ஒரே தள்ளுமுள்ளு. தொண்டர்கள் “நவுருங்க, நவுருங்க” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பாயி நகரவில்லை. என்னை இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தினார். என் முதுகில் விரிந்து கிடந்த முடி முழுவதையும் அள்ளி முன்பக்கம் போட்டு, அதன் நுனியை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, முருகனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சந்தனம் காயாத தலை என் காதோரம் உரசியது. அவர் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். என் முடி எவ்வளவு அழகாக இருக்கிறது என்று சாமிக்குக் காட்டுகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அதனால், போட்டோ எடுக்கும்போது நிற்பதைப் போல, நானும் நிமிர்ந்து நின்று நன்றாகச் சிரித்தேன்.